எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்குத் திடீர் இதய நிறுத்தம்: எதை முதலில் செய்வது, எதை அடுத்து

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணையாக இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் களப்பணியாளர்களுக்காகவும் எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பல வருடம் இதே வேலையில் இருந்தவன். "இதயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னதும் எல்லோரும் நேராக ஈசிஜி எடுக்க ஓடுவார்கள். ஈசிஜி நான்காவது வேலை. அதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு எடுத்த ஈசிஜியை டாக்டராலும் சரியாகப் படிக்க முடியாது.

முதலில் வார்த்தையைச் சரிசெய்துகொள்வோம். மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார். இதய நிறுத்தத்தில் துடிப்பை நடத்தும் மின்னோட்டமே தாறுமாறாகி, இதயம் ரத்தத்தைத் தள்ளுவதை விட்டுவிடுகிறது. பேசிக்கொண்டிருந்தவர் சில நொடிகளில் சரிந்துவிடுவார். மாரடைப்பு இதற்கு இட்டுச் செல்லலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வேறு வழிகளிலும் வரும். நெடுநாள் அழற்சியால் இதயத் தசையில் தழும்பு விழுவது, தசை பலவீனமாவது, சில மாத்திரைகள் துடிப்பின் மின் இடைவெளியை நீட்டிவிடுவது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இறங்குவது எல்லாம் அதில் சேரும்.

1. ஒரு பையும் ஒரு தாளும்

கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்கள் விழுங்கும் எல்லா மருந்தும் அதற்குள் போக வேண்டும். ஏஆர்டி (எச்.ஐ.வி.யை அடக்கும் சிகிச்சை) மாத்திரை, பிரஷர், சர்க்கரை, அல்சருக்குக் குடிக்கும் ஜெல், தூக்க மாத்திரை, மெடிக்கலில் சொல்லி வாங்கிய காய்ச்சல் மாத்திரை, நாட்டு மருந்துக் கடை லேகியம் எதையும் விடக் கூடாது. கூடவே ஏஆர்டி புத்தகம், கடைசியாக வந்த வைரஸ் அளவு (ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் என்பது), சிடி4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட், பழைய ஈசிஜி இருந்தால் அதுவும்.

பிறகு ஒரு தாளில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். ரத்த சொந்தத்தில் யாராவது ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? உங்களுக்கு எப்போதாவது மயக்கம் வந்து விழுந்ததுண்டா? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

இந்தப் பைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? நம் ஊர்களில் ஒருவரை ஒருவர் தெரியாதவர் கிடையாது. அதனால் பலர் ஏஆர்டி மாத்திரையை மதுரையிலோ திருச்சியிலோ போய் வாங்குகிறார்கள். பிரஷர் மாத்திரை உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கோ வருகிறது. சளி, வயிற்றுப்போக்குக்குத் தெருமுனை மெடிக்கல். ஆக மூன்று இடம், மூன்று பேர். முழுப் பட்டியலைப் பார்த்தவர் யாருமில்லை. ரகசியத்தைக் காப்பது உங்கள் உரிமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஆபத்து நுழைவது இந்த மூன்று இடங்களுக்கும் நடுவில்தான்.

இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு, டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு மாத்திரையை வேறு பாட்டிலில் கொட்டி வைப்பது. நாளைக்கு ஆஸ்பத்திரியில் "இது என்ன மாத்திரை" என்று கேட்டால் "வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒண்ணு" என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. கிழிப்பதென்றால் கிழியுங்கள், அதற்கு முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பெரும்பாலானோர் சாப்பிடும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்து இருக்கிறது. இந்த மூன்று பெயரும் மனப்பாடமாக இருந்தால் இன்னும் நல்லது.

2. வைரஸ் அளவு

கொழுப்பு, சர்க்கரை எல்லாம் இதற்குப் பிறகுதான். வைரஸ் அடங்காமல் இருந்தால் உடம்புக்குள் அழற்சி ஓய்வதில்லை. அது ரத்தக்குழாயையும் இதயத் தசையையும் சேர்த்தே அரிக்கிறது.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் 1,44,336 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் திடீர் இதய மரண வாய்ப்பு மொத்தத்தில் 14 சதவீதம் கூடுதல். பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வைரஸ் அளவு 500-க்கு மேல் இருந்தவர்களுக்கு 70 சதவீதம் கூடுதல், சிடி4 200-க்குக் கீழே இருந்தவர்களுக்கு 57 சதவீதம் கூடுதல். வைரஸ் அடங்கியவர்களுக்கோ எச்.ஐ.வி. இல்லாதவர்களை விடக் கூடுதல் ஏதுமில்லை. புதிதாகத் தெரிந்துகொண்டு பயந்துபோய் வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடுவதும் தனி ஆபத்து. சிகிச்சையை இடையிடையே நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்த பெரிய ஆய்வு 2006-ல் வெளியானது. நிறுத்தியவர்களிடம் சாவும் இதய நோயும் கூடியதுதான் மிச்சம்.

நம் பக்கத்தில் மாத்திரை விட்டுப்போகும் சீசன் எனக்குத் தெரியும். தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை, மாசி–பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம். "கூட நடக்கிறவன் பார்த்துட்டா?" என்று மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். போகும் நாட்களுக்கு வேண்டியதையும் இரண்டு நாள் கூடுதலாகவும் எண்ணி, வைட்டமின் டப்பா ஒன்றில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் சத்து மாத்திரை. டோலுடெக்ராவிரைச் சாப்பாட்டோடும் விழுங்கலாம், வெறும் வயிற்றிலும் விழுங்கலாம். அதனால் விரதம் ஒரு காரணமே இல்லை.

வைரஸ் அளவுப் பரிசோதனை ஏஆர்டி மையத்தில் இலவசம். கடைசியாக எடுத்து ஒரு வருடம் தாண்டியிருந்தால், அடுத்து மாத்திரை வாங்கப் போகும்போது நீங்களே கேளுங்கள்.

3. மாத்திரைப் பட்டியலைச் சலிப்பது

அதிக நேரம் எடுக்கும் வேலை இது. அதிகப் பலனும் இதில்தான்.

இதயத்தின் கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் மின்சாரம் ஏறி இறங்கி மறுபடி தயாராவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஈசிஜியில் அதற்குக் க்யூடி இடைவெளி என்று பெயர். சில மாத்திரைகள் இதை நீட்டும். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் தாங்கும். இரண்டு மூன்று சேர்ந்து, வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் இறங்கியிருந்தால், துடிப்பு தறிகெட்டு ஓடி நின்றுவிடலாம்.

புதுவயல் பக்கம் அரிசி ஆலையில் வேலை செய்த ஒருவர். ஏஆர்டி வெளியூரில் ஒழுங்காக வாங்குகிறவர், வைரஸ் அடங்கியிருந்தது. வாயில் வெள்ளைப் படலம் என்று ஒரு இடத்தில் ஃப்ளூகோனசோல் கொடுத்திருக்கிறார்கள். சளிக்கு இன்னொரு இடத்தில் அசித்ரோமைசின். வாந்திக்கு மெடிக்கலில் ஆண்டான்செட்ரான். மூன்றும் தனித்தனியே சரியான மருந்து, மூன்றும் க்யூடியை நீட்டுபவை. மூன்றாம் நாள் கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தார். தானாகவே எழுந்ததால் பிழைத்தார். மூன்று இடத்தில் எந்த இடத்திலாவது மற்ற இரண்டின் பெயரைச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

பையைப் பிரித்து இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள். ஃப்ளூகோனசோல். வாந்திக்கான ஆண்டான்செட்ரான், டோம்பெரிடோன். மனநலத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், சிட்டலோப்ராம். ஹைட்ராக்சிகுளோரோகுயின். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான பெடாகுயிலின், கிளோஃபசிமின். பழைய ஏஆர்டி வரிசையில் எஃபாவிரென்ஸ். இதில் எது இருந்தாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தாளில் வட்டமிட்டு வையுங்கள், டாக்டர் முடிவு செய்யட்டும். காசநோய் மாத்திரையைப் பயந்து நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதயத்தை விட்டுவிட்டு நுரையீரலோடு வந்து நின்றார்கள்.

முதல் மருந்துகள் பலிக்காமல் மாற்றிக் கொடுக்கும் இரண்டாம் வரிசை சிகிச்சையில் ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரிட்டோனாவிர் மற்ற மருந்துகள் ஈரலில் கரைவதைத் தடுக்கும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் இதோடு சேரவே கூடாது, அட்டார்வாஸ்டாட்டின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஒற்றைத் தலைவலிக்கான எர்காட்டமின் கூடாது. க்ளோபிடோக்ரெல் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையின் வேலையும் குறைந்துபோகும். நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகளைக் கையில் தருவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அந்த நேரத்தில் அது வேண்டும். "ரிட்டோனாவிர் சாப்பிடுகிறேன்" என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆண்களுக்கு ஒன்று, யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். சில்டெனாஃபில் (வயாக்ரா) வகை மாத்திரை ரிட்டோனாவிரோடு சேர்ந்தால் உடம்பில் பல மடங்கு தங்கும். அதைச் சாப்பிட்டவருக்கு நெஞ்சு வலி என்று நாக்கடியில் சார்பிட்ரேட் வைத்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். டாக்டரிடம் கூச்சம் வேண்டாம்.

டோலுடெக்ராவிர் சாப்பிடுபவர்களுக்கு இரண்டு குறிப்பு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்தால் நாளுக்கு 1000 மி.கி. தாண்டாமல் டாக்டர் பார்த்துக்கொள்வார், அவரிடம் டோலுடெக்ராவிரைச் சொல்லியிருந்தால். அல்சர் ஜெல் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் ஏஆர்டி மாத்திரையை விழுங்க வேண்டும். சேர்த்துக் குடித்தால் மருந்து உடம்பில் ஏறாது, வைரஸ் கிளம்பும், மறுபடி இரண்டாவது படிக்கே வந்து நிற்போம்.

பொட்டாசியம் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். வயிற்றுப்போக்கு என்றால் அன்றே ஓஆர்எஸ். ஆனால் தொற்று வராமல் தடுக்கக் கொடுக்கும் கோட்ரிமாக்சசோல் சாப்பிட்டுக்கொண்டு பிரஷருக்கு எனலாப்ரில் அல்லது டெல்மிசார்ட்டனும் எடுக்கிறவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் சுணங்கியிருந்தால், பொட்டாசியம் தானாகவே ஏறும். "உடம்பு சூடு" என்று தினம் இரண்டு இளநீர் குடிப்பது அவர்களுக்கு நல்லதல்ல. ரத்தத்தில் க்ரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பொட்டாசியமும் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் திடீர் மரணங்களைப் பிரேதப் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். இதயம் நின்றதால் என்று எண்ணியவற்றில் சுமார் மூன்றில் ஒன்று, போதைப்பொருளும் மருந்தும் மிஞ்சியதால் நேர்ந்தது. நம் ஊரில் இந்தக் கணக்கு வேறாக இருக்கும். ஆனாலும் தூக்க மாத்திரையின் மேல் சரக்கு அடிப்பவர்களை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

நோயைச் சொல்லாமல் மருந்தைச் சொல்வது எப்படி? வெளி டாக்டரிடம் தாளை நீட்டினால் போதும். டோலுடெக்ராவிர் என்ற பெயரைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும், பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குப் புரியாது. உங்கள் நிலையைச் சம்மதமில்லாமல் வெளியில் பரப்புவதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மெடிக்கலில் சொல்ல வேண்டாம் என்று நினைத்தால், வாங்கிய புது மாத்திரையை விழுங்குவதற்கு முன் ஏஆர்டி மையத்து மருந்தாளுநருக்கு ஒரு போன். பொதுவான சந்தேகத்துக்கு எச்.ஐ.வி. உதவி எண் 1097, இலவசம்.

4. ஈசிஜி

இப்போது எடுக்கலாம். பன்னிரண்டு லீட் ஈசிஜி அரசு மருத்துவமனைகளில் எடுக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் ஓடிவந்த கையோடு படுக்காதீர்கள். கால் மணி நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு ஆறட்டும். துடிப்பு வேகமாக இருக்கும்போது க்யூடி கணக்கு பிசகும்.

தாளில் மெஷினே 'நார்மல்' என்று அச்சடித்திருந்தாலும் "க்யூடிசி எவ்வளவு?" என்று கேளுங்கள். துடிப்பு வேகத்துக்கு ஏற்பச் சரிசெய்த அளவு அது. ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் பையைக் காட்டிப் பேச வேண்டும். 500-ஐத் தொட்டால் அன்றைக்கே டாக்டர் பார்க்காமல் வீடு திரும்பக் கூடாது. 3-வது படியில் வட்டமிட்ட மருந்து எதையாவது புதிதாகத் தொடங்கினால் ஈசிஜியை மறுபடி எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தாள் சூட்டில் அச்சாவது, சில மாதத்தில் வெளிறிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று ஒருவர் லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனார். சூட்டில் முழுத் தாளும் கறுத்து, அவருடைய மூன்று வருஷத்து ஒரே ஈசிஜி கரும்பலகையாகத் திரும்பி வந்தது. ஜெராக்ஸ் எடுங்கள், போனிலும் ஒரு படம்.

மூச்சிரைப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது இருந்தால் ஈசிஜியோடு நிற்காமல் எக்கோ (இதய ஸ்கேன்) கேளுங்கள். இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவு 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால், உள்ளே பொருத்தும் அதிர்ச்சிக் கருவி வேண்டுமா என்ற பேச்சு இதய மருத்துவரிடம் நடந்தாக வேண்டும்.

5. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, புகை

இவை எல்லோருக்கும் சொல்வதுதான் என்பதால் சுருக்கமாக. பிரஷர் 130/80-ஐ ஒட்டி இருக்கட்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம். டோலுடெக்ராவிர் தொடங்கிய பிறகு சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எடை கூடுகிறது. "உடம்பு தேறிடுச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். தேறியது எவ்வளவு, ஊதியது எவ்வளவு என்று தராசைக் கேளுங்கள்.

நாற்பது வயது தாண்டியவர்கள் ஸ்டாட்டின் மாத்திரை பற்றிக் கேட்க வேண்டும், கொழுப்பு அளவு சுமாராக இருந்தாலும்கூட. இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. எச்.ஐ.வி. உள்ள, இதய நோய் வாய்ப்புக் குறைவு அல்லது நடுத்தரம் என்று கருதப்பட்டவர்களிடமே பிட்டாவாஸ்டாட்டின் பெரிய இதயக் கோளாறுகளை 35 சதவீதம் குறைத்தது.

சாப்பாட்டில் எனக்கு மிளகும் சோம்பும் பிரச்சினையில்லை. உப்புக்கண்டம், வத்தல், ஊறுகாய் உப்பும், விசேஷம் முடிந்தும் பதினைந்து நாள் தூக்குச் சட்டியில் இருக்கும் முறுக்கு, மனகோலம், அதிரசமும்தான் பிரச்சினை. வெற்றிலை இருக்கட்டும், போயிலை போகட்டும். சிகரெட், பீடி முழுசாக.

6. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

வேலை செய்யும்போதோ மாடிப்படி ஏறும்போதோ மயங்கி விழுவது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்து தானாக எழுவது. படபடப்போடு கண் இருட்டுவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. "பித்தம்", "வெயில்", "கண்ணேறு" என்று சுற்றிப்போட்டுவிட்டு மறுநாள் வந்தவர்கள் அதிகம். சுற்றிப்போடுவதை ஆட்டோ வரும் நேரத்தில் செய்துகொள்ளலாம்.

7. வீட்டைத் தயார்செய்வது

இதயம் நின்றபின் நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமாகத் தொடங்கும். காரைக்குடியிலிருந்து மதுரை 80 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே அந்த நேரத்தின் வைத்தியர் வீட்டில் இருப்பவர்தான். இரண்டு பேருக்காவது கற்றுக்கொடுங்கள். அவர்களுக்கு உங்கள் எச்.ஐ.வி. நிலை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. "அப்பாவுக்கு பிரஷர் இருக்கு, எல்லாரும் கத்துக்குவோம்" என்று சொன்னால் போதும்.

தெரிந்த வீடுகளில் வேறு பயம். "தொட்டா ஒட்டிக்குமா அண்ணே?" நெஞ்சை அழுத்துவதால் எச்.ஐ.வி. தொற்றாது, எச்சிலாலும் தொற்றாது. வாயில் ஊத வேண்டியதில்லை, பெரியவர்களுக்கு அழுத்துவது மட்டுமே போதும்.

செய்யும் வரிசை இது. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதிலில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இதய நிறுத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மீன் வாய் திறப்பதுபோல் அவ்வப்போது இழுப்பது மூச்சல்ல. பலர் அதைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்று ஏமாந்து நிற்கிறார்கள். முதல் சில நொடிகளில் கை கால் வெட்டும், அதை வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். இரண்டும் நேரத்தைத் தின்னும்.

108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். ஆளைக் கட்டிலிலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ தரையில் இறக்குங்கள். மெத்தை அமுங்கும், ஊஞ்சல் ஆடும், அழுத்தம் நெஞ்சுக்குப் போகாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இதற்கென்றே போட்டதுபோல் கெட்டி. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கை, அதன் மேல் இன்னொன்று, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், இல்லாவிட்டால் கை சோர்ந்து ஆழம் குறைந்துவிடும். ஆம்புலன்ஸ் ஆள் கையை எடுக்கச் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது.

முன்கூட்டியே தலையணையில் பழகுங்கள். கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடத்தில் 50 முதல் 60 வர வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் மெதுவாக, மேலோட்டமாகச் செய்கிறார்கள். விலா ஒடிந்துவிடும் என்ற பயம். ஒடிந்த விலா கூடிவிடும்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பழைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு ஒரு தெரு, பின்கட்டுக் கதவு மறு தெரு. 108-க்கு இனிஷியல் சொல்லி "அந்த வீடு" என்றால் வெளியூர் டிரைவருக்கு எப்படித் தெரியும்? எந்தத் தெரு வாசல், பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது ஊருணி என்பதை எழுதிப் போனுக்கு அருகில் ஒட்டுங்கள். முன்கட்டோ பின்கட்டோ, ஆள் எங்கே படுக்கிறாரோ அந்தப் பக்கத்துத் தெருவைச் சொல்லுங்கள். அந்தக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். அழுத்துகிறவர் தவிர மற்ற ஒருவர் தெருவில் நின்று வண்டியைக் கைகாட்ட வேண்டும்.

8. ஆஸ்பத்திரிக்குப் போகும் உறை

ஒருவர் பிழைத்து ஐசியூவில் பத்து நாள் கிடந்தார். வீட்டில் யாருக்கும் அவர் நிலை தெரியாது. பத்து நாளும் ஏஆர்டி உள்ளே போகவில்லை, க்யூடியை நீட்டும் ஆன்டிபயாடிக் மட்டும் போனது.

அதனால் ஒரு கவரில் இவற்றைப் போட்டு ஒட்டுங்கள்: எல்லா மாத்திரையின் பெயரும் அளவும், ஏஆர்டி மையத்தின் தொலைபேசி எண், கடைசி ஈசிஜி ஜெராக்ஸ், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், ஒரு வாரத்துக்கான ஏஆர்டி மாத்திரை. மேலே "டாக்டர் மட்டும் பிரிக்க" என்று எழுதி, வீட்டில் ஒருவரிடம் கவர் இருக்கும் இடத்தை மட்டும் காட்டி வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பீரோ லாக்கரில் வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளாதீர்கள். விழுகிறவர் சாவியோடுதான் விழுவார். மாத்திரை மாறும்போதெல்லாம் பழைய கவரைக் கிழித்துவிட்டுப் புதிது எழுதுங்கள், மூலையில் தேதி போட்டு.